வாசற்படிக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர்?

சென்னை ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் பென்சிலால் போட்ட ஒரு கோடு இருக்கிறது. தரையிலிருந்து 112 செ.மீ. உயரம். பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ‘2.12.15’ என்று தேதி. அடையாறு எங்கள் வீட்டுக்குள் வந்து நின்ற மட்டம் அது. முந்தின இரவு பதினொரு மணிக்கு வாசற்படி நனையவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டில் மிதந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று. இரண்டு முறையும் அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் பூசும்படி அம்மா சொல்லிவிட்டார்.

நகரத்தில் வாழ்பவர்கள் ஆபத்துக்குத் தயாராவது பற்றிப் பேச்சு எழுந்தால் டார்ச், பிஸ்கட் பாக்கெட், கயிறு என்று ஒரு பட்டியல் வந்துவிடும். பட்டியலில் தவறில்லை. ஆனால் வெள்ளத்தில் எது எப்போது கெடும், எது உயிரை எடுக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது உயரம். வாசற்படி எவ்வளவு உயரம், பிளக் பாயிண்ட் எவ்வளவு உயரம், மீட்டர் பெட்டி எவ்வளவு உயரம், சம்பின் மூடி எவ்வளவு உயரம்? இந்த நான்கு எண்களையும் தெரிந்து வைத்திருக்கும் வீடுகள் ஒரு தெருவில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

முதலில் மழைக் கணக்கு. ‘49 செ.மீ. மழை’ என்று செய்தியில் கேட்டால் மனதில் ஒரு படமும் எழுவதில்லை. பெய்த நீர் எங்கும் ஓடாமல், மண்ணுக்குள் இறங்காமல், பெய்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் மழையளவு. 2015 டிசம்பர் 1 காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதன்மேல் 49 செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 1,09,000 லிட்டர் சேரும். கோடையில் நாம் காத்துக் கிடக்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர், ஒரே மனைக்கு, ஒரே நாளில்.

அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.-க்கு மேல் பெய்திருந்தது. மண் ஏற்கெனவே குடித்து நிறைந்திருந்தது. மொட்டை மாடியும் சிமெண்ட் முற்றமும் தார்ச்சாலையும் எந்த நாளிலும் குடிப்பதில்லை. மேட்டில் இருப்பவர் மனையின் ஒன்பது லாரியும் பள்ளத்தில் இருப்பவர் வாசலுக்குத்தான் வந்து சேரும். இதில் சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வேதனை உண்டு. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் தெருவைவிட மூன்று படி உயர்ந்திருந்த வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே இறங்கிக் கிடக்கின்றன. வீடு அசையவில்லை, தெரு வளர்ந்துவிட்டது. உங்கள் தாத்தா கட்டியபோது இருந்த பாதுகாப்பு இப்போது இருப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

டிசம்பர் 1 மாலை செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்டது விநாடிக்கு 29,000 கனஅடி. ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். ஆக, விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். ‘ஒன்று’ என்று எண்ணி முடிப்பதற்குள் 68 டேங்கர் லாரிகள் ஆற்றில் கவிழ்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இது ஏரியின் பங்கு மட்டும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரும் வழியில் வந்து சேர்ந்தது. முடிச்சூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆறு தொட்ட இடமெல்லாம் மூழ்கியது. நீர் திறப்பைக் கையாண்ட விதம் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையில் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விவாதம் நடந்தே ஆகவேண்டியது. ஆனால் ஆற்றங்கரையில் படுத்திருந்தவருக்கு அந்த இரவில் பயன்பட்டிருக்கக் கூடிய ஒரே செய்தி, ஏரியிலிருந்து தன் தெருவுக்குத் தண்ணீர் வர இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது, வந்தால் எவ்வளவு உயரம் ஏறும் என்பதுதான். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வானிலை ஆய்வு மையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கொடுத்து எச்சரிக்கிறது. 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. அளவில் பெய்தால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள் வந்தால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு வந்தால் தயாராகுங்கள். சிவப்பு வந்தால் செயலில் இறங்குங்கள். என்னைக் கேட்டால், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கும், மாதம் நிறைந்த கர்ப்பிணிக்கும், டயாலிசிஸ் நோயாளிக்கும், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கும் ஆரஞ்சே சிவப்பு. அவர்களை உலர்ந்த சாலையில் ஆட்டோவில் அழைத்துப் போக அரை மணி நேரம் போதும். தண்ணீர் வந்த பிறகு அதே தூரத்துக்கு ஒரு படகும் நான்கு ஆட்களும் வேண்டும். 2015-இல் அந்தப் படகுகளைக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்தவர்கள் மீனவர்கள். தெருவுக்குள் ஃபைபர் படகு ஓட்டி அவர்கள் காப்பாற்றிய குடும்பங்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கணுக்கால் அளவு

கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை. பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுவார்கள். ஆனால் மின்சாரத்தால் சாவு இந்த அளவிலேயே வரலாம். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் நடந்த இரண்டு சிறுமிகள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். தண்ணீருக்குள் கிடந்த கம்பி அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோல் மின்னோட்டத்தை நன்றாகவே தடுக்கும். நனைந்துவிட்டால் உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கிவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 50-ஐத் தாண்டி ஒரு விநாடிக்கு மேல் மார்பு வழியாகப் பாய்ந்தால், இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். ரத்தம் ஓடுவது நின்றுவிடும்.

‘எங்கள் வீட்டில்தான் டிரிப்பர் இருக்கிறதே’ என்பார்கள். போர்டில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. காப்பது ஒயரை. அதில் 6 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், 6,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். மனிதனைக் கொல்ல அதில் இருபதில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற வேறு சாதனம். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்கோ நழுவி, ஒருவர் உடல் வழியாகவோ சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்மேல் ‘டெஸ்ட்’ என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் போக வேண்டும். போகவில்லையென்றால் அது சுவரில் மாட்டிய வெறும் பெட்டி.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம். தண்ணீர் வருகிறது என்றதும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம், தெருவிலும் கரண்ட் போய்விடுகிறது, இனி பயமில்லை என்று நினைக்கிறோம். கூடத்து மூலையில் இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஈ.பி. கரண்ட் நின்ற நொடியில் அது தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உற்பத்தி செய்து வீட்டு ஒயருக்குள் அனுப்பத் தொடங்கும். அதன் வேலையே அதுதான். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, கீழே தண்ணீர் பிளக் பாயிண்ட்டை எட்டிக்கொண்டிருக்கிறது. மெயினை அணைக்கும் கையோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியேறு ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். அடுக்குமாடியில் பொது ஜெனரேட்டர் இருந்தால் அதற்கும் இதே விதி. தண்ணீரில் நின்றுகொண்டு எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. அணைக்க வேண்டிய நேரம் வாசற்படி நனைவதற்கு முன்.

தெருவில் நடக்கும்போது பில்லர் பாக்ஸ், மின்கம்பம், இழுவைக் கம்பி, விளம்பரப் பலகையின் இரும்புக் கால் ஆகியவற்றிலிருந்து விலகி நடங்கள். தண்ணீருக்குள் கசியும் மின்சாரம் ஓரிடத்திலிருந்து சுற்றிலும் பரவும். தூரம் கூடக் கூட மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும். உங்கள் ஒரு கால் அருகிலும் மறு கால் எட்டியும் இருந்தால், இரண்டு கால்களுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு உடல் வழியாகப் பாயும். காலில் சுருக்கென்றோ மதமதப்பாகவோ தோன்றினால் எட்டு வைக்காதீர்கள். கால்களைச் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்த வழியே திரும்புங்கள். தண்ணீரில் ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கத்தான் மனம் பதறும். அப்படித் தூக்கப் போய் இரண்டாவது ஆளும் இறந்த கதைகள் உண்டு. முதல் வேலை மின்சாரத்தை நிறுத்தச் செய்வது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. இணைப்பு துண்டானது உறுதியான பின் ஆளை இழுத்து உலர்ந்த இடத்தில் கிடத்துங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள். கை ஓய்ந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் மாற்றிக் கொடுங்கள்.

முழங்கால் அளவு

ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும் ஒருவரின் இரண்டு கால்களையும் வைத்துக் கணக்கிட்டால், மெதுவாக நடக்கும் வேகத்தில் நீர் ஓடும்போது தள்ளுவது சுமார் 7 கிலோ எடைக்கு ஈடான விசை. வேகம் இரட்டித்தால் அது 28 கிலோ. மூன்று மடங்கானால், அதாவது நிதானமாக சைக்கிள் மிதிக்கும் வேகம் வந்தால், 60 கிலோவைத் தாண்டிவிடும். இடுப்பு வரை நீர் ஏறினால் இன்னொரு சிக்கல். நீர் உடலைத் தூக்கிக் கொடுப்பதால் பாதத்தில் விழும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். எடை குறைந்தால் தரையைப் பற்றும் பிடியும் குறையும். தள்ளுவது கூடும்போதே பிடிப்பது தளர்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் தெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவது இதனால்தான். நம் கண் இந்த விசையை அளப்பதில்லை. மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் ‘மெதுவாகத்தான் ஓடுகிறது’ என்று மனம் சொல்லிவிடும்.

கார் கனமானது, அதற்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சிறிய கார் ஒன்றின் எடை 1,000 கிலோ, அடிப்பரப்பு ஏறத்தாழ 5.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் இடைவெளி 17 செ.மீ. அதற்கு மேல் நீர் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 58 கிலோ எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இன்னும் 17 செ.மீ. ஏறினால் ஆயிரம் கிலோவும் தீர்ந்துபோகிறது. ஓரடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! நிஜத்தில் கதவிடுக்கு வழியாக நீர் உள்ளே புகுவதால் இது கொஞ்சம் தள்ளிப்போகும். 2016-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உண்மையான கார்களை நீரோட்டத்தில் நிறுத்திச் சோதித்தார்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வெறும் 15 செ.மீ. நீர் ஓடியபோதே சிறிய டொயோட்டா யாரிஸ் நகர்ந்தது. 60 செ.மீ.-இல் மிதந்துபோனது. இரண்டரை டன் நிசான் பேட்ரோல்கூட 45 செ.மீ.-இல் நிலை தடுமாறியது.

துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே, கணேசபுரம் சப்வே என்று ஒவ்வொரு மழைக்கும் நிரம்பும் பெயர்கள் நமக்கு மனப்பாடம். முன்னால் போன பஸ் தாண்டிவிட்டது என்று பின்னாலேயே இறங்காதீர்கள். பஸ்ஸின் எஞ்சின் காற்றை இழுக்கும் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு. நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்தப் பார்த்து எஞ்சின் உடையும். அதைவிட முக்கியம், அந்த நேரத்தை ஜன்னலை இறக்குவதற்குக் கொடுக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் 90 செ.மீ. அகலக் கதவு ஒன்றின்மேல் 30 செ.மீ. நீர் நின்றால், கைப்பிடியில் 20 கிலோ விசையில் தள்ளினால் திறந்துவிடும். 60 செ.மீ. நின்றால் 80 கிலோ. 90 செ.மீ. நின்றால் 180 கிலோ. கார்க் கதவுக்கும், வாட்ச்மேன் அறைக்கும், தரைக்குக் கீழே இருக்கும் கடைக்கும் இதே கணக்கு. ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று காத்திருக்கும் பத்து நிமிடத்தில் கதவின் கனம் நான்கு மடங்காகிவிடும்.

திறந்த மேன்ஹோல், தோண்டிப்போட்ட மழைநீர் வடிகால் பள்ளம் இரண்டும் கலங்கல் நீருக்கு அடியில் ஒளிந்திருக்கும். 2022 அக்டோபரில் சென்னையில் ஒரு இளம் பத்திரிகையாளர் அப்படி ஒரு வடிகால் பள்ளத்தில் விழுந்து உயிரிழந்தார். முன்னால் குச்சியால் தட்டிக்கொண்டு, சாலையின் நடுப்பகுதியில் நடங்கள்.

மிதக்கும் சிலிண்டர்

சமையலறையில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நிரம்பிய கேஸ் சிலிண்டரைத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். அது தண்ணீரில் மூழ்கும் என்றே எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிவாயு 14.2 கிலோ, இரும்பு 15 அல்லது 16 கிலோ, மொத்தம் ஏறத்தாழ 30. அதன் உள் கொள்ளளவு 33 லிட்டருக்கு மேல். இரும்பின் பருமனையும் சேர்த்தால் அது இடம்பெயர்க்கும் நீர் 35 லிட்டர், அதாவது 35 கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும். தண்ணீர் போதிய அளவு ஏறியதும் அது அடுப்பு ட்யூபையும் இழுத்துக்கொண்டு கிளம்பும், ட்யூப் பிய்த்துக்கொள்ளும், வாயு வெளியேறும்.

அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, நீர்ப்பரப்பின் மேல் படுக்கை விரித்ததுபோல் பரவி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். கரண்ட் இல்லாத வீட்டில் நாம் உடனே தேடுவது மெழுகுவத்தியும் தீப்பெட்டியும். வெள்ளம் புகும் வீட்டில் மெழுகுவத்தி கூடாது, டார்ச் போதும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தண்ணீர் வருமுன் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு நிமிர்ந்த நிலையில் கட்டிவிடுங்கள். வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழைக்கலாம்.

தண்ணீருக்கு நடுவே தாகம்

வெள்ளம் வடியத் தொடங்கும் இரண்டாம் நாளில் நகரவாசிக்கு உறைக்கும் உண்மை, நம் வாழ்க்கை முழுவதும் ஒரே ஒயரில் தொங்குகிறது என்பது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் நீர் இல்லை. எட்டாவது மாடிக்காரருக்கு லிஃப்ட் இல்லை, கேன் தண்ணீர் தூக்கி வருபவரும் இல்லை. செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதன்பின் டீசல் வந்தால்தான். ஏ.டி.எம். இயங்காது. 2015 டிசம்பர் 2 அன்று ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி ஒரு நாள் அதுதான் முதல்முறை.

இதில் தண்ணீர்ப் பிரச்சினைதான் உடலைத் தாக்கும். சென்னை வீடுகளில் சம்ப் தரைக்கு அடியில் இருக்கிறது. மூடி தரை மட்டத்திலேயே இருந்தால் தெருவெள்ளமும் சாக்கடையும் நேராக உள்ளே போகும். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பி, கீழிருந்து வரும் வால்வை மூடிவிட்டால், சம்ப் கெட்டாலும் மேலே உள்ள நீர் நல்ல நீராகவே இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். இரண்டு கேன் போதும். லாரித் தண்ணீர் வாங்கிப் பழகிய நமக்கு இது பெரிய காரியமில்லை. மழை தொடங்கிய பிறகு கேன்காரருக்கு போன் போடுவதுதான் தோற்றுப்போகும்.

சந்தேகமான நீரை மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் வைத்திருங்கள். அடுப்பு இல்லையென்றால் குளோரின். மாநகராட்சி கொடுக்கும் மாத்திரை இருந்தால் உறையில் எழுதியபடி போடுங்கள். வாசனை சேர்க்காத 5 அல்லது 6 சதவீத ப்ளீச் திரவம் இருந்தால் தெளிந்த நீர் லிட்டருக்கு இரண்டு சொட்டு, அரை மணி நேரக் காத்திருப்பு. வடிகட்டாத கலங்கலில் குளோரினை ஊற்றுவது வீண். கிருமியைத் தொடுவதற்கு முன்பே சேற்றோடு வினைபுரிந்து அது தீர்ந்துவிடும். வெள்ளத்தில் நடந்த காலில் புண் இருந்தால், எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி நுழைய அந்த வழி போதும். சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜ் நின்றதும் இன்சுலின் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். டிசம்பர் மாதச் சென்னையில், நிழலான அறையில், அந்த வெப்பநிலை தானாகவே அமையும். ஈரமான மண்பானைக்குள் வைத்தால் இன்னும் ஓரிரு டிகிரி குறையும், ஆனால் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பானை கோடையில் போலக் குளிர்ச்சி தராது.

போனைப் பற்றிச் சுருக்கமாக: அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம், அதற்குத் தேவைப்படும் அலைவரிசை மிகக் கொஞ்சம். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913. சார்ஜ் இல்லாத போனுக்குள் இருக்கும் எண்கள் உதவாது. ஒரு காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் மதிப்பெண் பட்டியலும் வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள்.

கோட்டை நகர்த்துவது

கொத்தனார்கள் ‘டியூப் லெவல்’ என்று ஒன்று வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் நீளமுள்ள, உள்ளே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீர். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், மூலை திரும்பிப் போனாலும், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது. 2015-இன் கறை ஒரு சுவரில் இருந்தால், இந்தக் குழாயைக் கொண்டு அதே மட்டத்தைத் தெருவில் எந்த வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். ஆற்று வெள்ளத்தின் மேற்பரப்பு ஓட்டத் திசையில் மெல்லச் சரிந்திருக்கும் என்பதால் ஒரே தெருவுக்குள் செய்வது நல்லது.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டுத் தரைத்தளத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். கைக்குழந்தை. 2015-ஐப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், ஆனால் அந்த வீட்டில் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டைக் காட்டியவர் யாரும் சொல்லவில்லை. எங்கள் தெரு மேஸ்திரியை அழைத்து, அம்மாவின் கோட்டில் குழாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரி மறுமுனையோடு அவர்கள் கூடத்துக்குப் போனார்.

“நிக்குது சார், அப்டியே புடிங்க!” என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

நான் போய்ப் பார்த்தபோது டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். 138 செ.மீ. அவர்கள் வீட்டுத் தரை எங்களுடையதைவிட 26 செ.மீ. பள்ளம். பிளக் பாயிண்ட்டுகள் முழங்காலுக்குக் கீழே. இன்வெர்ட்டர் தரையில், குழந்தையின் தொட்டிலுக்கு நான்கடி தள்ளி.

அந்தத் தம்பி கோட்டையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, இன்வெர்ட்டர இன்னைக்கே மேல ஏத்திருவமா?”

மேஸ்திரி பரணைத் தட்டிப் பார்த்தார். “பேட்டரி அறுவது கிலோ இருக்கும். பரண் தாங்கும். சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும், அந்த ஜன்னல் பக்கமா வெச்சுக்கணும்.”

மூன்று பேருமாகத் தூக்கி வைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் பென்சிலும் ஸ்கேலும் எடுத்து வந்து, மேஸ்திரி வைத்த புள்ளியிலிருந்து சுவரின் இந்த முனைக்கு நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 138 என்று எழுதினார்.